கண்ணைக் கட்டிக்கொண்டு ஃபீஸ் கட்டாதீர்கள்: வாங்குவோர் கேள்வி-பதில்

பப்ளிக் ரிசல்ட் வந்து ஜூன் நெருங்கிவிட்டால், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் டியூஷன் பற்றித்தான் இருக்கும். இந்த வாரம் அதற்கே ஒதுக்கிவிட்டேன். வாஷிங் மெஷின்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் பகுதியில் 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்' வகுப்பு நடத்துகிறார்கள். பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டே நிறம் சொல்கிறார்கள், புத்தகம் படிக்கிறார்கள். இரண்டு நாளுக்கு 15,000 ரூபாய். ஞாபகசக்தியும் தன்னம்பிக்கையும் வளருமாம். சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, அழகாபுரம்

வேண்டாம். கண்கட்டுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகப் பிள்ளை பார்க்கிறது, அவ்வளவுதான். புத்தகத்தை மார்புக்கு நேரே பிடிக்காமல் நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். டெமோ அங்கேயே முடிந்துவிடும்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. கணக்கு என்றாலே வயிற்றுவலி வந்துவிடுகிறது. இரண்டு டியூஷன் மாற்றியாயிற்று. டியூஷன் நோட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, பரீட்சையில் 31 மார்க். நல்ல டியூஷனை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு அம்மா, அம்மாபேட்டை

நோட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதே, அதுதான் சந்தேகமாக இருக்கிறது. சார் போர்டில் போட்டதை அப்படியே இறக்கியிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளைகள் பலருக்கு உண்மையில் ஓட்டை விழுந்தது ஐந்தாம் வகுப்புப் பின்னத்தில், ஆறு ஏழாம் வகுப்பு மைனஸ் எண்களில். விவரமான டியூஷன் மிஸ் முதல் வாரம் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். மூன்றில் இரண்டையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொல்வார், மைனஸ் 5-லிருந்து மைனஸ் 8-ஐக் கழிக்கச் சொல்வார், பேனா எங்கே நிற்கிறது என்று கவனிப்பார். தப்பாகப் போட்ட கணக்கைச் சிவப்பு மையால் அடிக்காமல், "இந்த வரி எப்படி வந்துச்சு, சொல்லு பாப்பா" என்று கேட்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். பிள்ளை தன் தப்பைத் தானே கண்டுபிடிப்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

டெமோ கிளாஸில் ஸ்மார்ட் போர்டையும் ஏ.சி.யையும் பார்த்துவிட்டு வராதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பேனா யார் கையில் இருந்தது, உங்கள் மகள் எத்தனை முறை வாயைத் திறந்தாள், ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், இதைப் பாருங்கள். நாற்பது பேரை உட்காரவைத்தால் அது இன்னொரு பள்ளிக்கூடம். அதற்கு ஏற்கெனவே ஃபீஸ் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

சேர்ந்த பிறகு வீட்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். மூன்று வாரத்துக்கு முன் நடத்திய ஒரு கணக்கை, எண்களை மட்டும் மாற்றி, ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போடச் சொல்லுங்கள். போட்டுவிட்டால் அந்த டியூஷனைத் தொடருங்கள். தன்னம்பிக்கைக்கு என்று தனியாக ஒரு கோர்ஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்; தனியாகப் போட்ட கணக்குக்கு விடை சரியாக வருகிற அன்று அது தானே வரும்.

அப்புறம் அம்மா, வயிற்றுவலி நீடித்தால் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். எல்லா வயிற்றுவலிக்கும் கணக்கே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது.

பக்கத்துத் தெரு மிஸ் என் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 1,200 வாங்கினார். இப்போது 1,500 கேட்கிறார். இது கொள்ளை இல்லையா? எங்கே புகார் செய்வது?
– குகை வாசகர்

வாரத்தில் ஆறு நாள், தினம் ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று உங்கள் மூத்த பையனிடமே போடச் சொல்லுங்கள், நல்ல பயிற்சி. பிறகு அந்த 1,500-ஐக் கொடுத்துவிடுங்கள்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை. மகன் நான்காம் வகுப்பு. வீட்டுக்கு வந்த ஒருவர் அவனிடம் சில கேள்விகள் கேட்டார். பையன் முழித்தான். "இப்படியே விட்டால் வாழ்க்கை போயிடும்ங்க" என்று சொல்லி, டேப்லெட்டும் ஆன்லைன் டியூஷனும் கொடுத்து, போனில் வந்த ஓ.டி.பி.யை வாங்கிக்கொண்டு போனார். மாதம் 2,900 அக்கவுன்ட்டில் பிடிக்கிறார்கள். எங்கள் ஊரில் நெட் சிக்னலே கிடையாது. வேண்டாம் என்றால் போனை எடுக்க மாட்டேன் என்கிறார்கள். அது கடன் என்றே எனக்குத் தெரியாது.
– நாகலூர் அருகிலிருந்து

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. முதலில் அதைப் பையனிடமும் சொல்லிவிடுங்கள். பெற்றவர்கள் எதிரில் பிள்ளையைத் திணறவைத்து, அந்தப் பயத்திலேயே கையெழுத்து வாங்குவது ஊர் ஊராக நடக்கிற விற்பனைத் தந்திரம். என் வீட்டுப் பரணிலும் தவணையில் வாங்கிய கலைக்களஞ்சியம் ஒரு வரிசை தூசி படிந்து கிடக்கிறது. விற்க வந்தவர் என் மகனை "டாக்டர் தம்பி" என்று கூப்பிட்டார். தம்பி இன்று டாக்டர் இல்லை, அந்தப் புத்தகங்களைத் திறந்ததும் இல்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. உங்களுக்குக் கடன் கொடுத்தது டேப்லெட் கம்பெனியாக இருக்காது, வேறொரு நிதி நிறுவனமாக இருக்கும். கம்பெனிக்கு முழுப் பணமும் அன்றே போய்விட்டிருக்கும், அதனால்தான் அவர்களுக்கு அவசரமில்லை. பாஸ்புக்கில் பணம் பிடிக்கும் பெயர் யாருடையது என்று பாருங்கள். கம்பெனிக்கும் அந்த நிதி நிறுவனத்துக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். கடன் என்று சொல்லாமல் ஓ.டி.பி. வாங்கியதையும், நெட் சிக்னல் இல்லாததால் வகுப்பே நடக்காததையும், வேண்டாம் என்று சொன்ன தேதியையும் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். டேப்லெட்டைத் திருப்பித் தரத் தயார் என்றும் ஒரு வரி சேருங்கள். தவணையைச் சத்தமில்லாமல் நிறுத்தாதீர்கள், நாளைக்கு வேறு கடன் கேட்கும்போது சிபில் ஸ்கோர் காலை வாரிவிடும். எழுதி நகல் வைத்துக்கொண்டு பிறகு சண்டை போடுங்கள்.

நிதி நிறுவனத்திடமிருந்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள். கம்பெனி மேல் 1915-இல், தேசிய நுகர்வோர் உதவி எண் அது, புகாரைப் பதியுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம் என்பதால் ஒவ்வொரு தடவையும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டியதில்லை.

பையன் படிப்புக்கு, பள்ளித் தலைமை ஆசிரியரிடம் 'இல்லம் தேடிக் கல்வி' மையம் பக்கத்தில் நடக்கிறதா என்று கேளுங்கள். 2021-இல் அரசு தொடங்கிய திட்டம், தன்னார்வலர்கள் மாலையில் சொல்லிக்கொடுப்பார்கள், காசு கிடையாது. இல்லாவிட்டால் ஊரில் கல்லூரிக்குப் போகிற பெண் யாராவது இருந்தால் தினம் அரை மணி நேரம் பையனைச் சத்தம் போட்டுப் படிக்கவைக்கச் சொல்லுங்கள். அந்த 2,900-இல் பாதி கூட ஆகாது.

பிளஸ் டூ மகனுக்கு வருட ஃபீஸ் 67,000. மொத்தமாகக் கட்டினால் 60,000 என்றார்கள், கட்டிவிட்டேன். ஆகஸ்டில் இயற்பியல் சார் வேலையை விட்டுப் போய்விட்டார். புது சார் நடத்துவது புரியவில்லை என்கிறான். பணம் திரும்பத் தர மாட்டார்களாம். ரசீது இல்லை, ரிசப்ஷனில் இருந்த பெண்ணின் ஜிபே நம்பருக்கு அனுப்பினேன். கையெழுத்துப் போட்ட தாளைப் படிக்கவில்லை.
– கொண்டலாம்பட்டி வாசகர்

ரசீது இல்லை, படிக்கவில்லை, யார் நம்பருக்கோ அனுப்பினேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மூட்டை பருப்பு வாங்கினால் இப்படிச் செய்வீர்களா? பில் கேட்பீர்கள், எடை பார்ப்பீர்கள், கையை விட்டு அளைந்து பார்ப்பீர்கள். பிள்ளை படிப்பு என்றதும் எல்லாருக்கும் கூச்சம் வந்துவிடுகிறது.

இந்த மொத்த ஃபீஸ் விவகாரத்தைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். மாதா மாதம் வாங்குகிற மிஸ்ஸுக்கு ஒவ்வொரு மாதமும் பயம் இருக்கும்: பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் அடுத்த மாதம் வராது. ஜூனிலேயே முழுப் பணத்தையும் வாங்கிவிட்டவருக்கு உங்கள் பையனிடம் வேலை முடிந்துவிட்டது. நல்ல சார் போனால் என்ன, பேட்ச் இரட்டிப்பானால் என்ன, நீங்கள் எங்கேயும் போக முடியாது என்று அவருக்குத் தெரியும். 7,000 தள்ளுபடி என்று உங்களுக்குத் தெரிந்தது, உங்களைக் கட்டிப்போட அவர்கள் கொடுத்த விலை. என் மகனின் கையெழுத்தைச் சீராக்க ஒரு வகுப்பில் இப்படித்தான் வருடம் முழுவதற்கும் கட்டினேன். ஆடியில் சேர்த்தேன், பொங்கலுக்குள் அந்த இடத்தில் செல்போன் கவர் கடை வந்துவிட்டது. கையெழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

மாதத் தவணைக்கு ஒப்பவே மாட்டோம் என்கிற இடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் கட்டாதீர்கள். "நடுவில் நின்றால் மீதி எவ்வளவு திரும்ப வரும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

உங்கள் விஷயம் முழுதாகக் கைமீறவில்லை. ஜிபே பரிவர்த்தனை விவரமே பணம் போனதற்கு ஆதாரம். வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். நடுவில் நிற்கிற மாணவருக்கு மீதிக் காலத்துக்கான ஃபீஸை 10 நாளில் திருப்ப வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது மாநிலங்களுக்கான வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை. இருந்தாலும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். "ஃபீஸ் திரும்பாது" என்ற வரியைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். பள்ளி, கல்லூரிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதில்தான் தகராறு இருக்கிறது. ஆனால் பயிற்சி மையங்கள் அதற்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் சொல்லிவிட்டது. 1915-இல் புகார் செய்த 600-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு 1.56 கோடி ரூபாய் திரும்பக் கிடைத்ததாக மத்திய நுகர்வோர் துறை 2025-இல் அறிவித்தது. அவர்களும் உங்களைப் போலக் கட்டியவர்கள்தான்.

என் மகள் ஒரு சென்டரில் இலவச மாடல் டெஸ்ட் மட்டும் எழுதினாள். இப்போது ஐந்து ரோடு சந்திப்பில் அவர்கள் வைத்த ஃப்ளெக்ஸில் அவள் படம் 'எங்கள் மாணவி' என்று தொங்குகிறது.
– சூரமங்கலம் வாசகி

போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இன்றே எடுக்கச் சொல்லுங்கள், கேட்கவில்லை என்றால் 1915. தேர்ச்சி பெற்ற பிறகு மாணவரிடம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்காமல் படத்தைப் போடக் கூடாது, எந்த கோர்ஸ் படித்தார், அதற்குக் காசு கட்டினாரா என்பதையும் சேர்த்துப் போட வேண்டும் என்று 2024 நவம்பரில் விதி வந்திருக்கிறது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் சென்டர்களுக்கு அது பொருந்தும். தமிழக அரசே 2017-இலிருந்து பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. டியூஷன்காரர்கள்தான் விடமாட்டேன் என்கிறார்கள்.

தனி டியூஷன் படித்தால் 98 சதவீதம் என்று அமெரிக்க ஆராய்ச்சி சொல்வதாக நோட்டீஸ் வந்தது. உண்மையா?
– ஓமலூர் வாசகர்

ஆராய்ச்சி உண்மை, நோட்டீஸ் திரித்திருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதியது அது. தனியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைவிட மேலே வந்தார் என்பதுதான் கணக்கு. 98 மார்க் என்று அவர் சொல்லவில்லை. அதுவும் சில வாரங்களே நடந்த சின்னச் சோதனைகள். ஒரு பாடத்தில் தேறும்வரை அடுத்ததற்குப் போகாமல், திரும்பத் திரும்பச் சோதித்துத் திருத்தியதும் அதில் சேர்ந்திருக்கிறது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் இருக்கிறது, ஆனால் இவ்வளவு இல்லை. நோட்டீஸ் கொடுத்தவர் தேறும்வரை திருத்துவாரா என்று கேளுங்கள்.

ஏழாம் வகுப்பு ஆசிரியர் தன் வீட்டில் டியூஷன் வைக்கிறார். சேராத பிள்ளைகளுக்கு மார்க் குறைகிறது. வேறு வழியில்லாமல் சேர்த்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், தாரமங்கலம்

சேர்க்காதீர்கள். பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவராகப் போனால் பிள்ளையைக் குறிவைப்பார்கள் என்ற பயம் நியாயமானது, அதனால் நாலைந்து பெற்றோர் சேர்ந்து தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்.

ஆறாம் வகுப்பிலேயே நீட் ஃபவுண்டேஷன் சேர்க்கலாமா?
– ஆத்தூர் வாசகர்

விளையாட விடுங்கள்.

டியூஷன் ஃபீஸுக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கேட்கிறார்கள். கட்ட வேண்டுமா?
– அஸ்தம்பட்டி வாசகர்

பெரிய பயிற்சி மையம் என்றால் உண்டு. வருடத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே வரவு உள்ள, பதிவு செய்யாத மிஸ்ஸோ சாரோ கேட்கக் கூடாது. பில்லில் 33 என்று தொடங்கும் 15 இலக்க எண் இருக்கிறதா பாருங்கள், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அதைப் போட்டால் யார் பெயர் வருகிறது என்று தெரியும். எண் தரவில்லை என்றால் அந்த 18 சதவீதத்தைக் கட்டாதீர்கள்.