ஜீப்பை உயர்த்த முன்னர் அளவு நாடாவை எடுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: பழைய ஜீப்பை 2 அங்குலம் உயர்த்துவது. பெரும்போகம் வருகிறது, மட்டக்களப்பின் படுவான்கரைப் பாதைகள் சேறாகப் போகின்றன, அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் விளங்குகிறது. ஆனால் வாகனம் எது, எந்த ஆண்டு, முன்பக்கம் பட்டை ஸ்பிரிங்கா, கொயிலா, டோர்ஷன் பாரா (முறுக்கிப் பாரம் தாங்கும் இரும்புக் கம்பி) என்று எழுதினால் எனக்கு ஊகிக்கும் வேலை மிச்சம். வந்த கடிதங்களில் மூன்றில் மட்டும்தான் அது இருந்தது.

வாகரை வாசகர்: எங்களிடம் பழைய ஜீப் ஒன்று இருக்கிறது. எத்தனை அங்குலம் உயர்த்தலாம்?

எந்த ஜீப்? எங்கள் பக்கத்தில் மிட்சுபிஷியும் ஜீப், லேண்ட் ரோவரும் ஜீப், பஜேரோவும் ஜீப்தான். டாக்டரிடம் போய் "வருத்தம், மருந்து தாருங்கள்" என்று மட்டும் சொல்வீர்களா? பொதுவாக 2 அங்குலத்தோடு நில்லுங்கள். முன்பக்கம் டோர்ஷன் பார் என்றால் 2 அங்குலமே அதிகம், 1 அங்குலம்தான். மிச்சத்தை விவரத்தோடு எழுதுங்கள்.

கரடியனாறு வாசகர்: என் மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. 2 அங்குலம் உயர்த்தும் கிட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார்.

நண்பர் காசு தருவதாக இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் முதலில் அளந்து பாருங்கள். சமதரையில் நிறுத்தி, நாலு டயருக்கும் காற்றைச் சரியாக வைத்து, ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்தும் சேஸி வரை அளவெடுங்கள். மட்கார்ட் விளிம்பு வரை அளக்கச் சொல்வது வழக்கம். ஆனால் 4டிஆர்5 மட்கார்டுகளை எத்தனை தகரவேலைக்காரர் தட்டி நிமிர்த்தியிருப்பார்களோ, நான் அதை நம்புவதில்லை.

பெரும்பாலும் ஓட்டுநர் மட்டும் தனியாக ஓடித் திரிந்த வாகனம் வலப்பக்கம் இறங்குவது வழமை. அந்த வயது ஸ்பிரிங் ஒன்றோ ஒன்றரையோ அங்குலம் தாழ்ந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். கம்பனி அளவிலேயே ஒரு புது ஸ்பிரிங் செட், புது புஷ், ஸ்பிரிங் முனையைச் சேஸியோடு இணைத்து ஆடவிடும் ஷக்கிளுக்குப் புது பின் போட்டுப் பாருங்கள். ஜீப் தானாக எழும்பி நிற்கும். உங்களுக்குத் தேவையான உயரம் அதிலேயே வந்துவிடலாம். அது போதவில்லை என்று தெரிந்த பிறகு கிட்டைப் பற்றிக் கதைப்போம்.

ஸ்பிரிங்கை எக்சலோடு கட்டும் யூ போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் நீண்டுபோனது, அதைத் திரும்பப் போடக் கூடாது. இதைப் போன முறையும் எழுதினேன், அடுத்த முறையும் எழுதுவேன்.

அக்கரைப்பற்று வாசகர்: எங்கள் ஊர்ப் பட்டறையில் பழைய ஸ்பிரிங் பட்டைகளையே சூடாக்கி வளைத்து உயர்த்தித் தருகிறார்கள். புது செட்டின் கால்வாசிக் காசுதான். செய்யலாமா?

வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது, ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஸ்பிரிங் பட்டை சாதாரண இரும்பு இல்லை. தொழிற்சாலையில் அதை ஏறத்தாழ 850 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, வளைவு கொடுத்து, எண்ணெயில் அமிழ்த்தி, பிறகு 400, 450 பாகையில் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். வளைந்து திரும்பும் குணம் அந்தக் கடைசிச் சூட்டில்தான் வருகிறது. பட்டறையில் என்ன நடக்கிறது? கேஸ் விளக்கைப் பிடித்து அங்கங்கே இரண்டு மூன்று இடத்தைச் சிவக்க வைக்கிறார்கள், சுத்தியலால் அடிக்கிறார்கள், ஓரமாகப் போட்டு ஆற விடுகிறார்கள். சூடு பட்ட இடம் மெத்தென்று ஆகிவிடுகிறது. நாலைந்து மாதத்தில் ஜீப் பழைய இடத்துக்கே இறங்கும், சில நேரம் அதற்கும் கீழே. அவசரத்தில் தண்ணீரில் அமிழ்த்தினார்களோ, அது இன்னும் மோசம். பட்டை கண்ணாடி போல ஆகிவிடும்.

பல வருஷத்துக்கு முன் இதை நானே என் லேண்ட் ரோவருக்குச் செய்வித்தேன். காசு மிச்சம் பிடிக்கத்தான். ஒரு போகம் முழுக்க ராசா மாதிரி நின்றது. அறுவடை முடிந்து வெல்லாவெளிப் பக்கமிருந்து 10 மூட்டை நெல்லோடு வரும்போது வெடி போட்டது போல ஒரு சத்தம். முன் ஸ்பிரிங்கின் மெயின் பட்டை, முனையில் போல்ட் போகும் வளையத்துக்குப் பக்கத்தில், சூடு காட்டிய அதே இடத்தில் முறிந்திருந்தது. எக்சல் ஒரு பக்கம் பின்னுக்குப் போனது, ஸ்டியரிங் என் கையில் இல்லை. 20 கிலோமீற்றர் வேகத்தில் போனதாலும் பக்கத்தில் வாய்க்கால் இல்லாததாலும் இன்று உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். வளைத்துத் தந்த பாஸிடம் போய்க் கேட்டேன். "கூடப் பாரம் ஏத்திட்டீங்க மனே" என்றார்!

சூடாக்காமல் பிரஸ்ஸில் வைத்து வளைவு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வெடிப்பு இல்லாத பட்டைக்கு அது பரவாயில்லை, ஒரு தவணை ஓடும், மெல்ல இறங்கும். லொறிப் பட்டை ஒன்றை இடையில் செருகுவதும் நடக்கிறது. அதில் உயரம் வரும், ஆனால் வெறுமையாக ஓடும்போது பட்டை அசையாது, எலும்புதான் அசையும். பட்டையில் வெல்டிங் வைப்பதைப் பற்றி யாரும் எனக்கு எழுதவே வேண்டாம்.

நிந்தவூர் வாசகர்: முன் ஷக்கிளை 2 அங்குலம் நீளமாகச் செய்து போட்டால் 2 அங்குலம் உயருமா?

1 அங்குலம்தான் உயரும். ஷக்கிள் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் மட்டும்தானே இருக்கிறது? 4டிஆர்5 போல ஷக்கிள் முன் முனையில் இருக்கும் வாகனத்தில் காஸ்டரும் (முன் சில்லு திரும்பும் அச்சு பின்னுக்குச் சாயும் கோணம்) குறையும், ஸ்டியரிங் அலையும். அதைச் சரிக்கட்ட ஸ்பிரிங்குக்கும் எக்சலுக்கும் இடையில் ஆப்பு வைக்க வேண்டும். அலுமினிய ஆப்பு வேண்டாம், இரும்பு. இத்தனை வேலை செய்வதற்குப் புது ஸ்பிரிங்கே வாங்கிவிடலாம்.

இறக்காமம் வாசகர்: ஸ்பிரிங்குக்கும் எக்சலுக்கும் இடையில் இரும்புக் கட்டை வைக்கலாமா?

பின்னுக்கு ஒரே ஒரு கட்டை, புது யூ போல்ட்டோடு, வைக்கலாம். முன்னுக்கு ஒருநாளும் வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது எக்சல் முறுக்கும், கட்டை நழுவும்.

கல்லடி வாசகி: அப்பாவின் லேண்ட் ரோவர் சீரிஸ் 3, 88 அங்குல வீல்பேஸ். சில்லிலிருந்து சேஸி வரை நாலு பக்கத்தின் அளவும் இணைத்திருக்கிறேன். 2 அங்குலம் கூடிய பட்டை ஸ்பிரிங் வந்துவிட்டது. சொக் அப்சோபரும் மாற்ற வேண்டுமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

கடிதம் என்றால் இப்படி இருக்க வேண்டும். நன்றி தங்கச்சி.

சொக்கை அளந்து முடிவெடுங்கள். ஸ்பிரிங் போட்ட பிறகு சேஸியில் ஜக் கொடுத்து ஸ்டாண்டில் நிறுத்தி, சில்லு முழுதாகத் தொங்கும்வரை இறக்குங்கள். சில்லைத் தாங்கி நிற்பது சொக் என்றால் அதன் நீளம் போதாது, நீளமானது வேண்டும். அதே நேரம் பிரேக் ரப்பர் குழாயையும் பாருங்கள். தொங்கும் நிலையில் அது விறைத்து நிற்கக் கூடாது, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பிறகும். குழாய் பழையது என்றால் அளவு சரியாக இருந்தாலும் மாற்றுங்கள். உயர்த்திய ஜீப்பில் முதலில் உயிரை வாங்குவது இந்தக் குழாய்தான். ஆனால் கராஜில் அதைக் கடைசியாகக்கூடப் பார்ப்பதில்லை.

கல்லடி என்கிறீர்கள், கடற்காற்று. சேஸி புஷ்ஷுக்குள் போல்ட் துருவேறி ஒட்டியிருக்கும், லேண்ட் ரோவரின் பழைய வியாதி. இரண்டு நாளைக்கு முன்பே துரு எண்ணெய் விடுங்கள், அப்படியும் வராவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். புது போல்ட்டுக்குக் கிரீஸ் பூசுங்கள். ஷக்கிள் போல்ட்டை ஜக்கில் நிற்கும்போது இறுக்க விடாதீர்கள். வாகனம் சில்லில் நின்று பாரம் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம், இல்லாவிட்டால் புஷ் முறுகிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சில மாதத்தில் கிழிந்துவிடும். யூ போல்ட்டை 100 கிலோமீற்றரிலும் 500 கிலோமீற்றரிலும் மறுபடி இறுக்குங்கள்.

பொத்துவில் வாசகர்: ஹைலக்ஸ், முன்பக்கம் டோர்ஷன் பார். போல்ட்டைத் திருகினால் சும்மா உயரும் என்கிறார்களே?

உயரும், சும்மா இல்லை. திருகினால் பார் கடினமாவதில்லை. சில்லு கீழே இறங்கும் இடத்தைத் தின்றுதான் அந்த உயரம் வருகிறது. குழியில் சில்லு இறங்க இடமில்லாமல் இறக்கத்தை நிறுத்தும் ரப்பரில் டக் டக் என்று அடிக்கும், முன் சில்லைச் சுழற்றும் சிவி ஜொயின்டின் கோணம் கூடும், அதன் ரப்பர் பூட் கிழியும். 1 அங்குலத்தோடு நிறுத்தி, அலைன்மென்ட் செய்யுங்கள். பின் எக்சலுக்கு மேலே ஒரு கம்பியோடு பிரேக் வால்வு இருந்தால் அதையும் சரிக்கட்டுங்கள். பின்பக்கத்தை உயர்த்தினால் பாரம் இல்லை என்று அந்த வால்வு நினைத்து பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

திருக்கோவில் வாசகர்: உகந்தை முருகன் கோயிலுக்குப் போக சுசுகி எஸ்ஜே410 ஐ எத்தனை அங்குலம் உயர்த்த வேண்டும்?

உயர்த்தவே வேண்டாம். மணலுக்கு வேண்டியது காற்றை இறக்குவது. பாணமை தாண்டியதும் 18, 20 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், திரும்பி வந்து ஏற்றுங்கள். பம்ப் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், முருகன் காற்றடித்துத் தரமாட்டார். பெரிய டயர் ஆசையும் கடிதத்தில் தெரிகிறது. 1 லீற்றர் எஞ்சின் அது. 26 அங்குலத்திலிருந்து 28 க்குப் போனாலே ஏற்றத்தில் மூச்சு வாங்கும், வேக மீற்றர் 60 காட்டும்போது 65 இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

சம்மாந்துறை வாசகர்: காக்கா, நிசான் பட்ரோல் வை60, 2 அங்குல கொயில் போட்டேன். 70 இல் ஸ்டியரிங் நடுங்குகிறது. கொயில் பழுதா?

கொயில் பாவம். உயர்த்தியதால் காஸ்டர் 2, 3 பாகை குறைந்திருக்கும், அதற்கென்று காஸ்டர் புஷ் இருக்கிறது. அதை வாங்க ஓட வேண்டாம், முதலில் எக்சலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பன்ஹார்ட் ரொட்டின் புஷ், டை ரொட் முனைகள், கிங் பின் பெயாரிங் மூன்றையும் பாருங்கள். தேய்ந்து கிடந்ததைத்தான் உயர்த்தியது வெளியே காட்டுகிறது. முன் எக்சல் ஒரு பக்கம் தள்ளி நிற்கிறதா என்றும் அளந்து பாருங்கள். நீளம் மாற்றக்கூடிய பன்ஹார்ட் ரொட் அதற்குத்தான்.

கிரான் வாசகர்: 2 அங்குலம் உயர்த்தினால் மாரியில் பாலத்துக்கு மேல் வெள்ளம் போகும்போது கடக்கலாமா?

தம்பி, அந்தப் பாலம் மூழ்கினால் சனம் தோணியில் போய் வருவது உங்களுக்குத் தெரியாதா? 2 அங்குலத்தில் என்ன மாறிவிடும்? காற்று இழுக்கும் குழாய் 2 அங்குலம் மேலே போகும், அவ்வளவுதான். எக்சலின் நடுவிலுள்ள டிபரன்ஷல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் எக்சல் உயராது, டயர் பெரிதானால் மட்டும் உயரும், அதுவும் கூடிய அளவில் பாதி. ஓடும் வெள்ளம் 2 அடி இருந்தால் பெரிய வாகனத்தையும் தள்ளிக்கொண்டு போகும். உயர்த்திய ஜீப்புக்குத் தலைப்பாரம் வேறு.

நிற்கும் தண்ணீர் என்றால் வேறு கதை. ஓடிச் சூடான டிபரன்ஷல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். டிபரன்ஷலின் சுவாசக் குழாய் சேற்றில் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். எண்ணெயைத் திறந்தால் பால் தேத்தண்ணி. ஒரு முழம் ரப்பர் குழாயை அந்த வாயில் மாட்டி மேலே கட்டுங்கள். இந்த மாரிக்கு உங்கள் ஜீப்புக்கு வேண்டியது அதுதான். கிட்டை விட்டுவிடுங்கள்.

செங்கலடி வாசகர்: உயர்த்திய பின் 50, 60 இல் தரையில் ஒரு அதிர்வு.

பின் எக்சலைச் சுழற்றும் புரொப்பெல்லர் ஷாப்ட்டின் கோணம். பின் எக்சலுக்கு ஆப்பு. முதலில் யூனிவர்சல் ஜொயின்டை ஆட்டிப் பாருங்கள்.

மண்டூர் வாசகர்: இதற்கெல்லாம் அனுமதி வேண்டுமா?

வேலைக்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். விபத்துக்குப் பிறகு கேட்பது கேள்வியே இல்லை.

ஓட்டமாவடி வாசகர்: எல்லாம் நல்லபடி முடிந்தது, ஆனால் உம்மாவுக்கு ஏற முடியவில்லை.

படி போடுங்கள். சேஸியில் போல்ட் பண்ணுங்கள், பாடியில் ஒட்ட வேண்டாம், துருப்பிடித்த தகரம் ஆளோடு சேர்ந்து வரும். உயரத்தை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். ஒரு கட்டையை வைத்து உம்மாவை ஏறிப் பார்க்கச் சொல்லி, அவர் சொல்லும் இடத்தில் துளை போடுங்கள்.