முதல் எழுத்திலிருந்து ஜப்பானியம்: ஆசிரியை பதில்கள்

கோவில்பட்டியில் பிறந்து, டெல்லியில் ஜப்பானிய மொழி படித்து, முப்பது ஆண்டுகள் அதையே கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறார்.

பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப், தமிழ் மீடியம். டெல்லி ஜே.என்.யு.வில் பி.ஏ. ஜப்பானிய மொழி படிக்க ஆசை. "இங்கிலீஷே தடுமாறுது, இதுல ஜப்பான் பாஷையா?" என்கிறார்கள் வீட்டில். ஒரு எழுத்துகூடத் தெரியாமல் பட்டப்படிப்பில் சேர முடியுமா?
– மாணவி, சங்கரன்கோவில்

சேரலாம், மகளே. அந்தப் படிப்பே ஒன்றும் தெரியாதவர்களுக்காக ஏற்பட்டதுதான். ஜப்பானியம், கொரியம், சீனம், ரஷ்யன், ஜெர்மன், ஸ்பானிஷ் என்று அங்கே எதில் சேர்ந்தாலும் முதல் வகுப்பு முதல் எழுத்தில்தான் தொடங்கும். பிளஸ் டூவில் எந்த குரூப் என்பதும் தடையில்லை. சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எந்தெந்தத் தாள் என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள். ஆங்கிலத்தையும் கொஞ்சம் தேற்றிக்கொள். இலக்கணக் குறிப்புகளும் துணைப் பாடங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் ஆங்கிலம் நன்றாக வந்தால்தான் ஜப்பானியம் வரும் என்பதை மட்டும் நம்பாதே. முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன், அது தப்பு.

1987இல் நானும் தமிழ் மீடியத்திலிருந்துதான் போனேன். கோவில்பட்டியிலிருந்து மெட்ராஸ், அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். முதல் இரண்டு மாதம் ஆசிரியர் சொல்வதை ஆங்கிலத்தில் மாற்றி, அதைத் தமிழில் மாற்றி, திரும்ப அதே வழியாக வந்து பதில் சொல்வேன். அதற்குள் அடுத்த பெண்ணிடம் கேள்வி போய்விடும். ஒருநாள் கரும்பலகையில் 'கினோ கத்த ஹொன்' என்று ஒரு தொடர். கினோ என்றால் நேற்று, கத்த என்றால் வாங்கிய, ஹொன் என்றால் புத்தகம். வகுப்பில் ஆங்கில மீடியத்தில் படித்தவர்கள், 'புத்தகம்' எப்படிக் கடைசிக்குப் போனது, 'விச்' எங்கே, 'தட்' எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த நிமிஷம் உடம்பு சிலிர்த்தது. நேற்று வாங்கிய புத்தகம்! சொல்லுக்குச் சொல் நம்முடைய வரிசை. நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து வைத்துத்தான் இரண்டு மாதம் நான் திண்டாடியிருக்கிறேன்.

அன்று இரவே ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு பக்கம் ஜப்பானியம், எதிர்ப் பக்கம் தமிழ், ஆங்கிலமே கிடையாது. நாம் பெயருக்குப் பின்னால் வேற்றுமை உருபு ஒட்டுவதுபோல அவர்களும் பின்னால்தான் ஒட்டுகிறார்கள். வினை கடைசியில். 'தபெதெ மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்'. 'மிரு' என்பது கண்ணால் பார்ப்பதற்கான அதே சொல்தான். சாப்பாட்டைக் கண்ணால் பார்ப்பதா என்று ஆங்கிலக்காரர் குழம்பும் இடத்தில் நமக்கு விளக்கமே வேண்டாம். 'என்று சொன்னான்' என்பதில் வரும் 'என்று'வுக்கு 'தொ' இருக்கிறது, அதே இடத்தில். பளபள என்பதற்கு 'பிகபிக', மினுமினு என்பதற்கு 'கிரகிர' என்று இரட்டைக்கிளவிகூட உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும்போது ஜப்பானியத்துக்கு 88 வாரம், 2,200 வகுப்பு மணி என்று கணக்கு வைத்திருக்கிறது. அவர்கள் பட்டியலில் ஆகக் கடினமான வரிசை அது. அந்தக் கணக்கு ஆங்கிலம் பேசுபவருக்குப் போட்டது. எழுத்தில் நாமும் அவர்களுக்குச் சமமாகத்தான் கஷ்டப்படுவோம். வாக்கியம் அமைப்பதில் நீ பாதித் தூரம் முன்னால் நிற்கிறாய்.

வீட்டில் இதைப் படித்துக் காட்டு.

ஜப்பானியம் முதல் செமஸ்டர். வகுப்பில் பாதிப் பேர் அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்தே பாதி மொழி தெரிந்து வந்திருக்கிறார்கள். எனக்குத்தான் ஒன்றுமே தெரியாது. முதல் டெஸ்டில் இருபதுக்கு நான்கு. துறை மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன்.
– மாணவர், ஹைதராபாத்

தம்பி, மாறாதே. முதல் டெஸ்ட் எந்த மாதம் வைத்தார்கள் என்று நீ எழுதவில்லை. முதல் செமஸ்டரில் என்றால் மூன்று மாதத்துக்குள்தான் இருக்கும். அந்த மதிப்பெண் காட்டுவதெல்லாம், யார் முன்பே கொஞ்சம் கேட்டுப் பழகியிருந்தார்கள் என்பதைத்தான்.

அனிமே பார்த்த பிள்ளைகளுக்குக் காது பழகியிருக்கும், அது நல்ல விஷயம். ஆனால் அவர்கள் கேட்டுப் பழகியது பெரும்பாலும் நண்பர்கள், எதிரிகள் பேசிக்கொள்ளும் வாடா போடா மொழி. ஆசிரியரிடமும் அலுவலகத்திலும் பேசும் மரியாதை வடிவம் வேறு. முதல் ஆண்டுப் பாடம் அந்த மரியாதை வடிவத்தில்தான் நடக்கும். அவர்கள் ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொன்றைப் படிக்க வேண்டும். உனக்கு அந்த வேலை இல்லை. என் வகுப்புகளில் இந்த இடைவெளி இரண்டாம் செமஸ்டர் முடிவதற்குள் காணாமல் போய்விடும்.

உன் கடிதத்தோடு அனுப்பியிருந்த நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். உன் சிக்கல் அதில் இருக்கிறது. ஜப்பானியச் சொற்கள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாய். நானும் அதையே செய்தேன், அதனால்தான் உடனே தெரிந்தது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஜப்பானியச் சொற்களை என் முதல் நோட்டில் பார்த்தால் இரண்டுக்கும் 'கின்' என்றே எழுதியிருப்பேன். ஒன்று 'கண்'ணில் வரும் க, மற்றது 'தங்கம்' என்னும்போது 'ங்' என்பதை அடுத்து வரும் க. தமிழுக்கு இரண்டும் ஒரே எழுத்து; இடம் பார்த்து நாம் ஒலித்துக்கொள்வோம். ஜப்பானியத்தில் சொல்லின் முதலிலேயே இரண்டும் வரும், பொருளும் மாறும். அவர்கள் எழுத்தில் தங்கத்தின் 'கி'க்கு வலது மேல் மூலையில் இரண்டு சின்னக் கோடு போட்டால் வெள்ளியின் 'கி' ஆகிவிடும். அந்த இரண்டு கோடுகளைத்தான் நம் காது தவறவிடுகிறது. த, ப இவற்றுக்கும் இதே கதைதான். சொல்வதெழுதுதலில் நான் இழந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி அந்தக் கோடுகளில் போனது.

ஆகவே இன்றைக்கே அந்த நோட்டை மூடி வை. ஜப்பானியத்தில் முதலில் படிக்கும் எழுத்துமுறையான ஹிரகனாவில் அடிப்படை எழுத்து 46. ஒரு நாளைக்கு ஐந்து வீதம் பத்து நாளில் முடியும். தெரியாத எழுத்து வந்தால் இடம் விட்டு எழுது, தமிழ் எழுத்தைப் போட்டு நிரப்பாதே. தமிழை மனதில் வாக்கியமாக வைத்துக்கொள், பேனா முனைக்குக் கொண்டுவராதே.

நம் காது தோற்காத இடங்களும் உண்டு. 'ஒபசன்' என்றால் அத்தை, 'ஒபாசன்' என்றால் பாட்டி. 'கிதெ' என்றால் வந்து, 'கித்தெ' என்றால் தபால்தலை. குறிலும் நெடிலும், ஒற்று மிகுவதும் மிகாததும் பால்வாடியிலிருந்தே நமக்குப் பழக்கம். பிற மொழிக்காரர் பலர் இதற்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அடுத்த டெஸ்டில் இந்த இடத்தில் ஒரு மதிப்பெண்ணும் விடாதே.

பேச்சுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஹாஸ்டலில் என் அறைத்தோழி மணிப்பூர்க்காரி, என்னைப்போலவே எழுத்திலிருந்து தொடங்கியவள். இரவு மெஸ்ஸில் அரை மணி நேரம் ஜப்பானியம் மட்டும்தான் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். இரண்டு பேரிடமும் சேர்த்து அறுபது சொல் இருந்திருக்கும். முதல் வாரம் 'மோ சுகொஷி' மட்டும்தான். மோ என்றால் இன்னும், சுகொஷி என்றால் கொஞ்சம். ராஜ்மா இன்னும் கொஞ்சம், சோறு இன்னும் கொஞ்சம், தண்ணீர் இன்னும் கொஞ்சம். சொல் வராதபோது கையை நீட்டிக் காட்டுவோம், ஆங்கிலத்துக்குப் போகமாட்டோம். மூன்றாவது மாதம் அவள் தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதை முழுக்க ஜப்பானியத்திலேயே என்னிடம் சொன்னாள். தப்புத் தப்பாகத்தான் சொன்னாள். எனக்கு ஒன்றுவிடாமல் புரிந்தது. உன் வகுப்பிலும் இருபதுக்கு நான்கு வாங்கிய இன்னொருவர் இருப்பார், தேடிப் பிடி.

என் மகன் மூன்று வருடம் ஜப்பானிய மொழியில் பட்டம் படிக்கிறேன் என்கிறான். எங்கள் ஊரில் ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாதத்தில் என்4 மொழித் தேர்வு முடித்தால் ஜப்பானில் வேலை என்கிறார்கள். எது சரி?
– தந்தை, ஈரோடு

ஐயா, இரண்டும் இரண்டு வேறு வண்டிகள். ஜப்பான் 2019 ஏப்ரலில் திறன் தொழிலாளர்களுக்கென்று ஒரு விசா கொண்டுவந்தது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், உணவுத் தயாரிப்பு போன்ற தொழில்களுக்கு அது. அதற்கு அந்தத் தொழிலுக்கான தேர்வோடு ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் என்4 அல்லது அதற்கு இணையான மொழித் தேர்வு கேட்கிறார்கள். பராமரிப்பு வேலை என்றால் அதற்கென்று தனி மொழித் தேர்வும் உண்டு. முதல் வகை விசாவில் மொத்தம் ஐந்து ஆண்டு தங்கலாம், குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. உழைக்கத் தயாராக உள்ள பிள்ளைகளுக்கு அது நேர்மையான வழி. ஆனால் வேலைக்குப் பொறுப்பு யார், ஒப்பந்தம் எந்த மொழியில், முன்பணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

பட்டம் வேறு. ஜே.எல்.பி.டி.யில் ஐந்து படி: என்5 ஆரம்பம், என்1 உச்சம். மொழிபெயர்ப்பு, இருமொழிப் பணி என்று நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் என்2 கேட்பார்கள், சில இடங்களில் என்3. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஜப்பானிய நிறுவனங்களிலும், சென்னை, பெங்களூரு மென்பொருள் நிறுவனங்களிலும் இந்த வேலைகள் உண்டு. மூன்று வருடத்தில் எல்லோரும் என்2 எட்டிவிடுவதில்லை. என் மாணவர்களில் எட்டியவர்கள், வகுப்புக்கு வெளியே தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர்கள். இன்னொன்று, ஜே.எல்.பி.டி.யில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பது மட்டுமே. சான்றிதழ் இருந்தும் நேர்காணலில் வாய் திறக்காத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பேசவும் எழுதவும் பட்டப்படிப்பில்தான் அவகாசம் கிடைக்கும். பட்டம் படிக்கும் மாணவர்களை ஓராண்டு ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் படிக்க அழைத்துப்போக அந்நாட்டு அரசின் உதவித்தொகையும் உண்டு. அவனை அதற்குத் தயாராகச் சொல்லுங்கள். அவனுக்கு விருப்பம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படிக்க விடுங்கள்.

2,136 கான்ஜி எழுத்துகளை எப்படி மனப்பாடம் செய்வது?
– வாசகி, மதுரை

சீனத்திலிருந்து ஜப்பானியம் எடுத்துக்கொண்ட எழுத்துகள்தான் கான்ஜி. எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஜப்பானியக் குழந்தைகளே ஆரம்பப் பள்ளியின் ஆறு வருடத்தில் 1,026தான் படிக்கிறார்கள், முதல் வகுப்பில் 80. சின்னப் பிள்ளைகள் கணக்குப் போடும் பெரிய கட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, கோடு வரிசை மாறாமல் எழுதுங்கள். தனி எழுத்தாக உருப்போடாதீர்கள், சொல்லாகப் படியுங்கள். ஓர் எழுத்துக்கே சொல்லுக்குச் சொல் உச்சரிப்பு மாறும். சொல்லோடு படித்தால்தான் அது நிற்கும்.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள், பல்கலைக்கழகத்தில் ஜப்பானியம் தொடங்கியிருக்கிறேன். தமிழிலிருந்துதான் ஜப்பானியம் வந்தது என்று அப்பா சொல்கிறார். உண்மையா, ரீச்சர்?
– மாணவி, இலங்கை

தங்கச்சி, ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள் உங்கள் ஊர்ப் பேராசிரியர் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும். பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது; துருக்கியும் கொரியமும்கூட இப்படித்தான் அமைந்திருக்கின்றன. அப்பாவிடம் அதை அன்பாகச் சொல்லுங்கள்.

ஆனால் படிக்கிறவளுக்கு அந்த ஒற்றுமை பெரிய சொத்து, உங்களுக்கு இன்னும் ஒரு படி கூடுதலாக. ஜப்பானியத்தில் சுட்டு மூன்று: 'கொரெ' என் பக்கத்தில் இருப்பது, 'சொரெ' உன் பக்கத்தில் இருப்பது, 'அரெ' இருவருக்கும் தள்ளி இருப்பது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் இதுவும் அதுவும்தான் மிச்சம். நடுவில் உள்ள 'சொரெ'யைப் பழக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். ஒரு வருஷம் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி வகுப்பில் இருந்தாள். நான் மேசையில் பேனாக்களை மாற்றி மாற்றி வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் என் கையிலிருந்த பேனாவைக் காட்டி, "உது, ரீச்சர்" என்றாள்.