சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

கேள்வி: மாமியாருக்குக் காலையில் 20 யூனிட் இன்சுலின். பாட்டிலில் 40 என்று போட்டிருக்கிறது. கடையில் சிவப்பு மூடி சிரிஞ்சு இல்லையென்று ஆரஞ்சு மூடி கொடுத்தார்கள். ஒரு வாரமாகச் சர்க்கரை இறங்கவில்லையே, ஏன்?
- வாசகி, பெரம்பூர்

பதில்: சிரிஞ்சுதான் காரணமாக இருக்கும், அம்மா. மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு. நீங்கள் ஆரஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். நேர்மாறாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் இழுத்திருந்தால் 50 போயிருக்கும். நினைக்கவே நடுங்குகிறது.

இன்றே மருத்துவரிடம் பேசிவிட்டு மாற்றுங்கள். இடையில் அளவைக் கூட்டியிருந்தால், சரியான சிரிஞ்சுக்கு மாறும் நாளில் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

வார்டில் நான் "புரிந்ததா?" என்று கேட்பதை என்றோ விட்டுவிட்டேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். "இழுத்துக் காட்டுங்கள்" என்பேன். ராயபுரத்துப் பாட்டி ஒருவர், எண் படிக்கத் தெரியாதவர், பேத்தியின் நகப்பூச்சால் சிரிஞ்சில் கோடு போட்டுக்கொண்டு வந்து நின்றார். கெட்டிக்காரி!

கடைக்குப் போகும்போது வாயால் சொல்லாதீர்கள்; மருந்துப் பாட்டிலின் அட்டைப்பெட்டியையே நீட்டுங்கள்.