மேல் வீட்டுக் குழாய், கீழ் வீட்டு சீலிங்

கேள்வி: 1986-ல் கட்டிய, 12 வீடுகள் உள்ள அபார்ட்மென்ட் எங்களுடையது. காலையில் குழாயைத் திறந்தால் செந்நிறத் தண்ணீர். பாத்ரூம் சீலிங்கும் ஒழுகுகிறது. மேல் வீட்டுக்காரர், 'அசோசியேஷன்தான் செலவழிக்கணும்' என்கிறார். செயலாளர் கையை விரிக்கிறார். என்ன செய்வது?
- வாசகி, அசோக் நகர், சென்னை

பதில்: அம்மா, ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். நாள் முழுக்கச் சொட்டினால் பெரும்பாலும் சப்ளை லைன், அதாவது தண்ணீர் வரும் குழாய். மேலே குளிக்கும்போது மட்டும் சொட்டினால் நஹானி டிராப் (பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறும் வாய்) அல்லது டைல்ஸ் இடுக்கு. மேல் வீட்டாரிடம் பக்குவமாகப் பேசி, டிராப்பைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி, சொட்டு நீலம் கலந்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் சீலிங்கில் நீலம் இறங்கினால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. அவர் பாத்ரூம் தரையை அவர்தான் சரிசெய்ய வேண்டும். தள்ளிப்போட விடாதீர்கள். ஸ்லாப் கம்பி துருப்பிடித்தால் காரை பெயர்ந்து தலையில் விழும். எனக்கு அதுதான் கவலை.

செந்நிறத் தண்ணீர் வேறு விவகாரம். பழைய ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், பூச்சு போனபின் உள்ளே துரு ஏறும், போர் தண்ணீரின் உப்பும் படியும். முக்கால் அங்குலக் குழாயை அறுத்தால் பென்சில் நுழையும் அளவுதான் வழி இருக்கும். அப்படிப்பட்ட துண்டுகளை நிறையவே பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் ஒட்டுப் போட்டால் அடுத்த மரை இணைப்பில் ஒழுகும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்கள் பொதுவானவை. எல்லா வீடும் பங்கு போட்டு சி.பி.வி.சி. எனும் பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றுங்கள், வெயில் படும் இடத்தில் பெயின்ட் அவசியம். வீட்டுக்குள் போகும் கிளைக்குழாய் பொதுவாக அவரவர் செலவு. பொதுக்குழுத் தீர்மானத்திலேயே வீட்டுக்கொரு தனி வால்வையும் சேர்த்துவிடுங்கள்.