அருவிப் பாறையில் பார்த்த சாலமாண்டரை வீட்டில் வளர்க்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில், ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் இருக்கிறோம். கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓர் அருவியோரம், ஈரக் கல்லுக்கு அடியில் பல்லி மாதிரி ஒன்றை என் பையன் பார்த்தான். விரல் நீளம், முதுகு பழுப்பு, வயிறு மஞ்சள். பிடித்து வந்து மீன் தொட்டியில் வளர்க்க வேண்டும் என்கிறான். முடியுமா?

பதில்: வேண்டாம். கொண்டு வந்தால் பிழைக்காது.

அது பல்லி இல்லை, சாலமாண்டர், தவளையின் உறவு. தென்னிந்தியாவில் சாலமாண்டரே கிடையாது என்பதால் நமக்குப் பல்லிதான் ஞாபகம் வரும். இடத்தையும் நிறத்தையும் பார்த்தால் 'கேஸ்கேட் டோரன்ட் சாலமாண்டர்' போலத் தெரிகிறது. கண்கள் பெரிதாகத் துருத்திக்கொண்டு இருந்தனவா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம். வாஷிங்டனின் ஒலிம்பிக் தீபகற்பத்திலிருந்து வடக்குக் கலிபோர்னியா வரை டோரன்ட் சாலமாண்டர் இனங்கள் மொத்தம் நான்கு. உலகில் வேறெங்கும் இல்லை. 1992 வரை நான்கையும் ஒரே இனமாகத்தான் எண்ணியிருந்தார்கள்.

தொட்டியில் ஏன் பிழைக்காது? இதற்கு நுரையீரல் பேருக்குத்தான் இருக்கிறது. பெரும்பாலும் ஈரத்தோல் வழியாகவே மூச்சு. தோல் காய்ந்தால் சீக்கிரமே செத்துப்போகும். தண்ணீர் சில்லென்று இருந்தால்தான் அதில் ஆக்சிஜன் நிறையக் கரைந்திருக்கும். இது வாழும் ஓடைகள் கோடையிலும் குளிர்ந்தே கிடப்பவை. டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக் மரங்களின் நிழல் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மரத்தை வெட்டினால் வெயில் இறங்கித் தண்ணீர் சூடாகும், மண் சரிந்து கல்லிடுக்குகளை அடைக்கும். அதனால்தான் மரம் வெட்டிய சரிவுகளில் இது அருகிப்போகிறது. தண்ணீரைக் குளிர்விக்கச் சில்லர் மாட்டலாமே என்பீர்கள். கற்களுக்கு நடுவே மெல்லிய படலமாக ஓயாமல் ஓடும் நீரை யார் செய்து தருவது? தவிர, இது லார்வாவாகவே, அதாவது தவளைக்குத் தலைப்பிரட்டை போன்ற குஞ்சுப் பருவத்திலேயே, சில ஆண்டுகள் நீரில் கழித்துத்தான் பெரிதாகிறது. ஓர் ஓடையில் இரண்டு மூன்றை எடுத்தாலும் ஈடுகட்ட நாளாகும். சட்டமும் இடம் தராது: தேசியப் பூங்காக்களில் சாலமாண்டர் போன்ற உயிர்களை எடுக்கக் கூடாது, மற்ற இடங்களில் மாநில வனவிலங்குத் துறையின் விதிகள் உண்டு.

போய்ப் பார்ப்பதில் தவறில்லை. நீர் தெறிக்கும் ஓரத்துக் கற்களில் ஒன்றிரண்டை மட்டும் மெல்லத் தூக்கிப் பாருங்கள். உயிர் நகர்ந்த பிறகு கல்லை இருந்தபடியே வையுங்கள். அது அடியில் இருக்கும்போதே கல்லை வைத்தால் நசுங்கிச் செத்துவிடும். சன்ஸ்கிரீனும் கொசு மருந்தும் பூசிய கையால் தொடவே கூடாது, அந்தத் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். சொரசொரத்த முதுகும் ஆரஞ்சு வயிறுமாக ஒன்று கிடைத்தால் அது நியூட் என்ற வேறு வகைச் சாலமாண்டர். தோலில் கொடிய விஷம் உண்டு. பையன் தொட்டுவிட்டால் கண்ணிலோ வாயிலோ கை வைக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

வளர்த்தே தீர வேண்டும் என்றால் பண்ணையில் பிறந்த ஆக்ஸலாட்டல் (நீரிலேயே வாழும் மெக்சிகோ சாலமாண்டர்) வாங்கலாம். அதற்கும் 20 டிகிரிக்குக் குறைவான நீர் வேண்டும். உங்கள் மாநில விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கலிபோர்னியாவில் அதை வளர்க்கத் தடை.