நாகர்கோவிலில் இருந்தபடியே டிவி நிருபர் ஆக முடியுமா?

டிகிரி முடித்துவிட்டு, ஊரை விடாமல் இந்த வேலைக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். இதழியல் படிப்பு இருந்தால் நல்லது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. ஆனால் மாவட்ட அளவில் படிப்பைவிட ஆள் பழக்கம்தான் பெரிது.

சம்பள விஷயத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மாவட்டங்களில் பலர் ஸ்ட்ரிங்கர்கள். மாதச் சம்பளம் கிடையாது, ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்றுதான் பணம். படம் பிடிப்பது, பேட்டி எடுப்பது, விஷுவலைச் சென்னைக்கு அனுப்புவது எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள்தான். இது நியாயமே இல்லை.

இங்கே பெரிய செய்தி கடல். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் யார் யார் கரை திரும்பவில்லை என்ற விவரம் அந்தந்த ஊர்க்காரர்களிடம்தான் இருந்தது. படகுக்காரர்களையும் பங்குத்தந்தையையும் முன்பே தெரிந்த நிருபரால்தான் அதை உடனே கேட்டு வாங்க முடியும். அழுகிற தாயின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டாதீர்கள், அனுமதி கேளுங்கள். அப்புறம், கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் வேலை செய்ய மலையாளமும் புரிய வேண்டும்.

சரி, இப்போதே உங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை மொபைலில் இரண்டு நிமிடச் செய்தியாக எடுத்து, ஏதாவது ஒரு சேனலின் மாவட்டச் செய்தியாளரிடம் காட்டுங்கள்.