பித்தளை பம்ப் ஸ்டவ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டேங்கில் காற்றடித்து மண்ணெண்ணெயில் எரிக்கும் பழைய பம்ப் ஸ்டவ்களைச் சேர்ப்பது, பழுது பார்த்து மறுபடி எரியவைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். திண்டுக்கல்லில் என் அப்பா ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நான் லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையை ஆசைக்காகச் செய்துவருகிறேன்.

பாட்டி வீட்டுப் பரணில் ஒரு பம்ப் ஸ்டவ் கிடைத்தது. கறுத்து, பச்சை பூத்திருக்கிறது. புளித் தண்ணீரில் ஊறப்போடலாமா? பாலிஷ் கடையில் கொடுத்துவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

இரண்டுமே வேண்டாம் அம்மா. புளியைத் தடவித் தேய்த்து உடனே கழுவினால் கெடுதல் இல்லை. ராத்திரி முழுக்க ஊறப்போட்டால், பித்தளையில் இருக்கும் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மேலே நிற்கும். ஆங்காங்கே இளஞ்சிவப்பாகத் திட்டு விழும். பாலிஷ் கடைச் சக்கரம் தகட்டைத் தேய்ப்பதோடு, டேங்க் மேல் அடித்திருக்கும் கம்பெனி முத்திரையையும் மழுக்கிவிடும். அது போனால் ஸ்டவ்வின் ஊரும் வயசும் தெரியாது.

அமோனியா கலந்த பித்தளை பாலிஷையும் தொடாதீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விட்டன. குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாவும் ஈரமும்தான் காரணம் என்பது 1921-இல்தான் தெளிவாயிற்று. தகட்டை அழுத்தி இழுத்து வடிவம் கொடுக்கும்போது உள்ளே ஒரு இறுக்கம் தங்கிவிடுகிறது. அமோனியா பட்டதும் அந்த இடம் பிளக்கிறது. ஸ்டவ் டேங்கும் அதே மாதிரி செய்ததுதான்.

வெந்நீரும் சோப்பும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். கழுவிக் காயவைத்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். டேங்க் விளிம்பிலும் பம்ப் குழாய் சேரும் இடத்திலும் மயிரிழை மாதிரி கோடு தெரிகிறதா? தெரிந்தால் அது அலமாரிக்குத்தான். பற்றவைத்து எரிக்கும் எண்ணமே வேண்டாம்.

கோடு இல்லையென்றால், பம்ப் கம்பியை வெளியே எடுங்கள். நுனியில் இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். தையல் மெஷின் எண்ணெயில் ஊறவிட்டால் பல சமயம் உயிர் வந்துவிடும். வராவிட்டால் புதுசு போடுங்கள். பர்னருக்கு அடியில் இருக்கும் ஈய வாஷரையும் மூடியின் ரப்பரையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அப்புறம் எண்ணெய் ஊற்றாமல் நிப்பிளை (பர்னரில் எண்ணெய் ஆவி பீறிடும் சின்னத் துளையுள்ள திருகு) அடைத்து, கொஞ்சம் காற்றடித்து, சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போல பக்கெட் தண்ணீரில் முக்குங்கள். எங்கேயும் குமிழ் வரக்கூடாது. பம்ப் கம்பி தானாக மேலே எழும்பி வந்தால், பம்ப் குழாயின் அடியில் இருக்கும் சின்ன வால்வு கசிகிறது என்று அர்த்தம்.

என் ஸ்டவ்வில் 'பிரைமஸ், ஸ்வீடன்' என்று இருக்கிறது. எந்த வருஷத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், கோவை

முடியும். ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் 1892-இல் ஸ்டாக்ஹோமில் உருவாக்கிய புகையில்லாத ஸ்டவ் இது. டேங்கில் தனியாக ஒரு எழுத்து அடித்திருக்கிறதா பாருங்கள். 1911-இலிருந்து வருஷத்துக்கு ஒரு எழுத்து: ஏ என்றால் 1911, பி என்றால் 1912, இப்படியே போகும். நார்வே நாட்டுப் பயணி ஆமுண்ட்சென் தென் துருவத்தை அடைந்ததும் 1911-இல்தான். பனியை உருக்கவும் சமைக்கவும் அவர் கொண்டுபோனது பிரைமஸ்.

ஸ்வீடன் பெயர் இல்லாத ஸ்டவ்களை ஒதுக்கிவிடாதீர்கள். உம்ராவ் போன்ற நம் நாட்டு ஸ்டவ்கள்தான் பெரும்பாலான வீடுகளில் உலை வைத்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேடும்போது, பளபளப்பைப் பார்க்காமல் பர்னரும் கால்களும் மூடியும் அந்த ஸ்டவ்வுக்கே உரியவையா என்று பாருங்கள்.

மஞ்சளாக எரிகிறது, பாத்திரம் கரி பிடிக்கிறது.
– வாசகர், திருநெல்வேலி

பர்னர் சூடேறுவதற்குள் காற்றடித்தால் அப்படித்தான். பர்னருக்குக் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, அது எரிந்து தீரப்போகும் நேரத்தில் பம்ப் அடியுங்கள். அப்போதும் மஞ்சள் என்றால், தடிமனான ஊசியால் குத்திக் குத்தி நிப்பிள் துளை பெரிதாகியிருக்கும். புது நிப்பிள் போட்டு, அடைப்பு எடுக்க அதற்கென்றே இருக்கும் மெல்லிய கம்பியான ஸ்டவ் பின் மட்டும் பயன்படுத்துங்கள்.

நான் ஒரு பம்ப் ஸ்டவ் வாங்கி வந்தேன். "ஸ்டவ் வெடிக்கும், வீட்டுக்குள் வைக்காதே" என்கிறார் அம்மா. அவர் பயம் நியாயமா?
– வாசகர், சென்னை

நியாயம்தான் தம்பி. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தியைப் படித்துப் படித்து வளர்ந்த தலைமுறை அது. அவற்றில் எத்தனையோ ஸ்டவ் செய்த கொலை அல்ல. மருமகளை எரித்துவிட்டு ஸ்டவ் மேல் பழி போட்ட வீடுகள் இருந்தன. வரதட்சணை மரணத்துக்கென்றே 1986-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-பி என்று தனிப் பிரிவு சேர்க்க வேண்டி வந்தது. இந்த ஸ்டவ்களைச் சேர்க்கிறவர்கள் இதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் உண்மையான விபத்துகளும் நடந்தன. பர்னர் போதிய சூடு இல்லாதபோது எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே பீறிட்டுத் தீப்பிடிக்கும். பக்கத்தில் நைலான் சேலை இருந்தால் நொடியில் பற்றும். எரியும்போது மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றுவது, நிப்பிள் அடைத்திருப்பது தெரியாமல் மேலும் மேலும் காற்றடிப்பது, அகலமான அண்டாவை ஏற்றி டேங்கைச் சூடாக்குவது, மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்திருப்பது, இவையெல்லாம் உயிரை வாங்கும். அதனால் வெளியில், சிமென்ட் தரையில், பருத்தி உடையோடு, பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொண்டு எரியுங்கள். தண்ணீர் ஊற்றக்கூடாது, எண்ணெய் மிதந்து தீயைப் பரப்பும். ஏதாவது தப்பாகத் தெரிந்தால், டேங்கின் காற்றை வெளியேற்றும் காற்றுத் திருகைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். அம்மாவிடம் மறைக்காமல், எங்கே எப்படி எரிக்கப்போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

மண்ணெண்ணெய் கிடைப்பது கஷ்டம். கேஸ் சிலிண்டரில் இணைத்துவிடலாமா?
– வாசகர், சேலம்

கூடாது ஐயா. பர்னரும் நிப்பிளும் மண்ணெண்ணெய் ஆவிக்கென்று அளவெடுத்தவை, டேங்கும் கையால் அடிக்கும் காற்றைத் தாங்கத்தான் செய்தது. டீசலும் வேண்டாம், பர்னருக்குள் கரி கட்டும். நீலச் சாயம் கலந்த ரேஷன் எண்ணெய் கார்டுக்காரர்களுக்கு உரியது, அதைக் கேட்காதீர்கள். வெள்ளை மண்ணெண்ணெய் ஒரு லிட்டர் வாங்கினால் எப்போதாவது எரித்துப் பார்ப்பவருக்குப் பல மாதம் வரும். எரித்து முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மூடியைத் தளர்த்தி வையுங்கள்.